மென்திசு சார்கோமா: லட்சத்தில் எத்தனை பேருக்கு? ஒரே கேள்விக்கு ஏன் வேறு வேறு விடை?

#1 கேள்விக்குறி

வணக்கம். தசை, கொழுப்பு, ரத்தக்குழாய் போன்ற மென்திசுக்களில் தோன்றும் புற்றுநோயான மென்திசு சார்கோமா பற்றி நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைச் சரிபார்க்கிறேன். "இது எவ்வளவு பேருக்கு வருகிறது" என்ற ஒற்றை வரியிலேயே வண்டி நின்றுவிட்டது.

அமெரிக்காவின் சீர் (SEER) புற்றுநோய்ப் பதிவேடு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு சுமார் 3.5 என்கிறது. அரிய புற்றுநோய்களை எண்ணும் ஐரோப்பாவின் ரேர்கேர் (RARECARE) திட்டம் சுமார் 4.7 என்கிறது. உலக அளவில் பார்க்கலாம் என்று குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவர அட்டவணையைத் திறந்தால் மென்திசு சார்கோமா என்ற வரியே இல்லை, கபோசி சார்கோமா மட்டும் தனியாக நிற்கிறது. இதில் எதை எடுப்பது?

இன்னொன்று. "பெரியவர்களின் புற்றுநோய்களில் 1 விழுக்காடு, குழந்தைகளின் புற்றுநோய்களில் 7 விழுக்காடு" என்று பழைய பதிப்பில் இருக்கிறது. படிப்பவர்கள் இதைக் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

#2 பதிவேட்டு மேசை

இரண்டு எண்ணும் சரிதான். இரண்டு பேரும் எண்ணியது ஒரே பொருளை அல்ல.

புற்றுநோய்ப் பதிவேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு குறியீடு உண்டு. கட்டி உடம்பில் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. நுண்ணோக்கியில் அது என்ன வகை என்பது மற்றொன்று. நுரையீரல், பெருங்குடல் போன்ற புற்றுநோய்களுக்கு இடத்தை வைத்து எண்ணினாலே போதும், பெரிய தவறு வராது. சார்கோமாவுக்கு அப்படி எண்ணினால் கணக்கு உதைக்கும். தசை, கொழுப்பு, ரத்தக்குழாய், நரம்பு உறை இல்லாத உறுப்பு எது? எல்லா உறுப்பிலும் இது முளைக்கலாம்.

சீர் பதிவேட்டில் "மென்திசு, இதயம் உட்பட" என்ற வரி இடத்தை வைத்து எண்ணுவது. சி49 என்ற இணைப்புத் திசுக் குறியீடு, சி47 என்ற புற நரம்புக் குறியீடு, இதயத்துக்கான சி38.0, இவ்வளவுதான் அதில் அடக்கம். கருப்பையின் லியோமையோசார்கோமா (உறுப்புச் சுவர்த் தசையின் புற்று) கருப்பைக் கணக்கில் போய்விடும். மார்பகத்தின் ஆஞ்சியோசார்கோமா (ரத்தக்குழாய்ப் புற்று) மார்பகத்தில். தோலின் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா தோலில். வயிற்றின் பின்சுவரில் வளரும், கொழுப்புத் திசுப் புற்றான லைப்போசார்கோமாவுக்குக் குறியீடு சி48. அந்தக் குறியீட்டை சீர் தன் தொகுப்பில் செரிமான மண்டலத்தின் கீழ் வைத்திருக்கிறது. லைப்போசார்கோமா அதிகம் வரும் இடங்களில் ஒன்று அது, ஆனால் மென்திசு வரியில் அதற்கு இடமில்லை.

ரேர்கேர் திசு வகையை வைத்து எண்ணியது. கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் சார்கோமா என்றால் உள்ளே சேர்த்துக்கொண்டது. எண் கூடியதற்கு முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் வயதுத் தரப்படுத்தல், அதாவது மக்கள்தொகைகளின் வயது வேறுபாடு எண்ணைக் குழப்பாமல் இருக்க, ஒரே வயது அமைப்புக்கு எண்ணை மாற்றிக் கணக்கிடுவது. சீரின் 3.5 என்பது 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக்குத் தரப்படுத்தியது. ரேர்கேர் எண் தரப்படுத்தாதது. உலகத் தர மக்கள்தொகைக்கு மாற்றினால் எண் இன்னும் இறங்கும், ஏனென்றால் அந்தத் தரத்தில் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் 31 விழுக்காடு, 65-ஐத் தாண்டியவர்கள் வெறும் 7 விழுக்காடு. சார்கோமா முதுமையில் கூடும் நோய். ஆக, எந்த எண்ணை எடுத்தாலும் பக்கத்திலேயே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: இடமா வகையா, எந்த ஆண்டுகள், எந்தத் தர மக்கள்தொகை. இந்த மூன்றும் ஒத்துப்போகாத இரண்டு எண்களை வைத்து "அங்கே கூடுதல், இங்கே குறைவு" என்று யாரும் எழுதக் கூடாது. அடிக்கடி எழுதுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

#3 ஸ்லைடு பெட்டி

மேசைக்காரர் சொன்னது எண்ணும் முறை. எண்ணப்படும் பொருளே மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஸ்ட் எனப்படும் இரைப்பை குடல் ஸ்ட்ரோமல் கட்டியை எடுத்துக்கொள்வோம். 1998-இல் ஹிரோட்டா குழுவினர் இதில் கிட் மரபணுவின் பிறழ்வைக் காட்டும்வரை, இவற்றில் பெரும்பாலானவை லியோமையோமா (புற்றல்லாத தசைக் கட்டி), லியோமையோசார்கோமா என்றே பெயர் எழுதி அனுப்பப்பட்டன. அதன்பின் கிட் புரதத்தைக் காட்டும் சிடி117 சாயம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது, பதிவேடுகளில் ஜிஸ்ட் "திடீரென" ஏறியது. நோய் ஏறவில்லை, பெயர்தான் மாறியது. மக்கள்தொகை ஆய்வுகளில் ஜிஸ்ட் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 10 முதல் 15 வரை. இதைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்தே மொத்த எண் லட்சத்துக்கு ஒன்று, ஒன்றரை வரை ஆடும். இன்னொரு திருப்பமும் உண்டு: முன்பெல்லாம் தீவிரமானது என்று குறிக்கப்பட்ட ஜிஸ்ட் மட்டுமே பதிவேட்டுக்குப் போனது. கட்டிகளுக்கான உலகக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-ஓவின் 3.2 பதிப்பில் எல்லா ஜிஸ்டும் புற்று என்ற குறியீட்டுக்கு மாறின, அமெரிக்கப் பதிவேடுகள் 2021 முதல் அதைப் பின்பற்றுகின்றன. 2020-க்கும் 2022-க்கும் கோடு போட்டு ஒப்பிடுபவர்கள் இந்தப் படிக்கட்டில் தடுக்கி விழுவார்கள்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. மாலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா, எம்எஃப்எச், ஒரு காலத்தில் பெரியவர்களில் அதிகம் எழுதப்பட்ட சார்கோமா. 2002-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு அதை ஓரங்கட்டியது, 2013-இல் பெயரே நீங்கியது. பழைய ஸ்லைடுகளை எடுத்து மறுபடி பார்த்தபோது, வயிற்றின் பின்சுவரில் எம்எஃப்எச் என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி எம்டிஎம்2 மரபணுவின் பிரதிகள் பெருகிய (எம்டிஎம்2 பெருக்கம்), வகைமாறிய லைப்போசார்கோமா என்று தெரிந்தது. அதனால் "லைப்போசார்கோமா பெருகி வருகிறது" என்ற வரைபடத்தை யாராவது காட்டினால், அதே தாளில் எம்எஃப்எச் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள்.

நடுத்தர வகைக் கட்டிகள் தனிச் சிக்கல். கை, காலில் இருந்தால் "வித்தியாசமான லிப்போமா வகைக் கட்டி", குறியீட்டின் கடைசி எண் 1 (நடுத்தரம்). அதே செல்கள், அதே எம்டிஎம்2 பெருக்கம், ஆனால் வயிற்றின் பின்சுவரில் இருந்தால் "நன்கு வேறுபட்ட லைப்போசார்கோமா", கடைசி எண் 3 (புற்று). பதிவேடு 3-ஐ எண்ணும், 1-ஐ எண்ணாது. இந்தப் பிரிவினையில் நியாயம் இருக்கிறது. கை, காலில் முழுதாக வெட்டி எடுத்துவிட முடியும், பின்சுவரில் முடியாது, அதனால் நோயின் போக்கே வேறு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. டெஸ்மாய்டு கட்டியும் இப்படித்தான்: சுற்றியுள்ள திசுவை அரிக்கும், எடுத்த இடத்தில் மீண்டும் வரும், வேறு உறுப்புக்குப் பரவாது. சார்கோமா எண்ணிக்கையில் அது சேராது.

#4 கேள்விக்குறி

மிக்க நன்றி, இருவருக்கும். அப்படியானால் பெத்தாலஜி (திசுப் பரிசோதனை) அறிக்கையில் இருக்கும் பெயரே எவ்வளவு நம்பகமானது?

#5 ஸ்லைடு பெட்டி

முதல் அறிக்கையில் உள்ள பெயர்? சார்கோமாவில் அதை இறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவின் மூன்று பகுதிகளில் நடந்த ஓர் ஒப்பீட்டில், முதல் அறிக்கையும் சார்கோமா நிபுணரின் மறுபார்வையும் முழுதாக ஒத்துப்போனது பாதிக்குச் சற்று மேலேதான். மீதியில் பெரும்பாலானவை தர எண்ணோ (கட்டி எவ்வளவு தீவிரம் என்பது) உட்பிரிவோ மாறியவை. சுமார் 8 விழுக்காட்டில் அடியோடு வேறு: புற்றல்லாத சாதாக் கட்டி சார்கோமாவானது, சார்கோமா சாதாக் கட்டியானது, அல்லது சார்கோமாவே அல்ல என்று ஆனது.

இது முதல் அறிக்கை எழுதியவரின் குறை அல்ல. எழுபதுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் உள்ள, ஆண்டுக்கு ஒன்றிரண்டு மட்டுமே மேசைக்கு வரும் நோய் இது. ஒரு பொதுப் பெத்தாலஜிஸ்ட் சில உட்பிரிவுகளைப் பணிக்காலம் முழுவதும் பார்க்காமலே ஓய்வு பெறலாம். அதனால் ஸ்லைடோடு, திசுவைப் பதித்து வைத்த பாரஃபின் (மெழுகு) கட்டையையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்லைடு மட்டும் வந்தால் எம்டிஎம்2 ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையோ, சினோவியல் சார்கோமாவுக்கான எஸ்எஸ்18 சோதனையோ செய்வதற்கு மிச்சத் திசு இருக்காது.

#6 மழலை வார்டு

அந்த 1, 7 விழுக்காட்டு வரியை அப்படியே விடாதீர்கள், நிச்சயம் தவறாகப் புரியும்.

20 வயதுக்கு உட்பட்டவர்களில் மென்திசு சார்கோமா பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு சுமார் 11. லட்சத்துக்கு 1.1 என்று ஆகிறது. 80 வயதைத் தாண்டியவர்களில் அது லட்சத்துக்குப் பத்துக்கும் மேல். ஆக, ஒரு குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு ஒரு முதியவரைவிட மிகக் குறைவு. பங்கு மட்டும் ஏன் பெரிதாகத் தெரிகிறது? வகுக்கும் எண் சிறியது. பெரியவர்களின் கணக்கை நிரப்புகிற மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுகள் குழந்தைகளில் கிட்டத்தட்ட இல்லை. கூட்டத்தில் மற்றவர்கள் வராதபோது வந்தவர் கண்ணில் படுவது போல.

நோயும் ஒன்றல்ல. குழந்தைகளில் ஏறத்தாழ பாதி ராப்டோமையோசார்கோமா, தசைச் செல்களை ஒத்த புற்று. தலை, கழுத்து, சிறுநீர் மற்றும் இனப்பெருக்க உறுப்புகளில் அதிகம், கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். பெரியவர்களில் லைப்போசார்கோமா, லியோமையோசார்கோமா, வகைப்படுத்தாத பிளியோமார்ஃபிக் சார்கோமா ஆகியவை முன்னணியில் இருக்கும், அங்கே அறுவை சிகிச்சைதான் முதுகெலும்பு. நடுவில் பதின்ம வயதிலிருந்து நாற்பதுக்குள் சினோவியல் சார்கோமா. பெயரைப் பார்த்து மூட்டுச் சவ்விலிருந்து வருகிறது என்று எழுதிவிடாதீர்கள், அதற்கும் சவ்வுக்கும் பிறப்பு உறவு இல்லை. இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே சராசரியில் போட்டு வரும் எண் யாருக்கும் பொருந்தாது.

#7 பகடை

கணக்குப் பக்கத்திலிருந்து சில வரி. "அரிது" என்ற சொல்லை வாசகருக்கு எப்படிக் காட்டுவது என்று யோசிக்கிறவர்களுக்காக.

லட்சத்துக்கு ஆண்டுக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 ஆண்டு வாழ்நாளில் கூட்டினால் லட்சத்துக்கு 320, அதாவது 0.32 விழுக்காடு, சுமார் 310 பேரில் ஒருவர். ஓர் ஆண்டுக்குப் பார்த்தால் 25,000 பேரில் ஒருவர். இரண்டும் ஒரே உண்மைதான். ஆனால் முதலாவதைப் படிப்பவர் பயப்படுவார், இரண்டாவதைப் படிப்பவர் மறந்துவிடுவார். கையேட்டில் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதுதான் நேர்மை.

மருத்துவர் பக்கம்: 2,000 பேரைக் கவனிக்கும் குடும்ப மருத்துவருக்கு ஆண்டுக்கு எதிர்பார்ப்பு 0.08. பன்னிரண்டரை ஆண்டுக்கு ஒன்று. சாதா மென்திசுக் கட்டிகள் லட்சத்துக்கு ஆண்டுக்கு சுமார் 300 என்று கொண்டால், அவருக்கு ஆண்டுக்கு 6 வரும். ஒரு சார்கோமா வருவதற்குள் 75 சாதாக் கட்டிகளைப் பார்த்திருப்பார். அந்த 300-கூட மருத்துவரிடம் வந்தவர்களின் கணக்குத்தான். கொழுப்புக் கட்டியை யாரிடமும் காட்டாமலே இருப்பவர்கள் ஏராளம்.

மூன்றாவது, "எங்கள் ஊரில் மட்டும் அதிகம்" என்ற கவலை. இரண்டு லட்சம் பேர் உள்ள நகரில் ஆண்டுக்கு எதிர்பார்ப்பு 8. தற்செயலால் மட்டுமே இது ஓர் ஆண்டு 3, மற்றோர் ஆண்டு 14 என்று ஆடலாம். 20,000 பேர் உள்ள சிற்றூரில் எதிர்பார்ப்பு 0.8. அங்கே ஒரே ஆண்டில் 3 பேருக்கோ அதற்கு மேலோ வர வாய்ப்பு சுமார் 4.7 விழுக்காடு. அப்படி நூறு ஊர் இருந்தால், எந்தக் காரணமும் இல்லாமலே ஆண்டுதோறும் ஏறக்குறைய ஐந்து ஊரில் மூவருக்கு வந்திருக்கும். அந்த ஐந்து ஊர்தான் செய்தியாகும், மற்ற 95 ஆகாது. அதற்காகப் புகாரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. முதலில் அந்த மூன்றும் ஒரே உட்பிரிவா என்று பாருங்கள். ஒன்று லைப்போசார்கோமா, ஒன்று சினோவியல், ஒன்று ஜிஸ்ட் என்றால் பொதுக் காரணம் இருப்பது கடினம். மூன்றும் கல்லீரல் ஆஞ்சியோசார்கோமா என்றால் அன்றைக்கே விசாரிக்க வேண்டும். வினைல் குளோரைடு தொழிற்சாலை விவகாரம் 1974-இல் வெளியே வந்தது அப்படித்தான்: மிக அரிதான ஒரே வகை, ஒரே ஆலைத் தொழிலாளர்களிடம்.

#8 கேள்விக்குறி

அடிபட்ட இடத்தில் வரும் என்று பலர் நம்புகிறார்கள். அதற்குக் கையேட்டில் இடம் கொடுக்கலாமா?

#9 பதிவேட்டு மேசை

கொடுங்கள், மறுப்பாக. அடி கட்டியை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருந்த கட்டியை நோக்கிக் கையைக் கொண்டுபோகிறது. பெரும்பாலோருக்குக் காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை.

உறுதியாகத் தெரிந்தவை சில. டிபி53 மரபணுப் பிறழ்வால் பல புற்றுகள் வரும் லி-ஃபிரௌமெனி நோய்க்குறி, 1969-இல் விவரிக்கப்பட்டது. நரம்புகளில் கட்டிகள் வரும் மரபு நோயான நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை. இவர்களுக்கு நரம்பு உறைப் புற்று வாழ்நாளில் 8 முதல் 13 விழுக்காடு வரை. பரம்பரை ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்று). முன்பு கதிர்வீச்சு பெற்ற பகுதி; சிகிச்சை பெற்றவர்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானோருக்கே வருகிறது, பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து. நீண்டகாலக் கை வீக்கத்தில் வரும் ஆஞ்சியோசார்கோமா. கபோசி சார்கோமாவுக்கு எச்எச்வி-8 வைரஸ். நிகழ்வு எச்ஐவியோடு சேர்ந்து ஏறி இறங்குவதால்தான் அதை எல்லோரும் தனியாக எண்ணுகிறார்கள்.

#10 கத்தியும் நூலும்

எண்ணிக்கைப் பேச்சை மேலே நன்றாகவே பேசிவிட்டீர்கள். பகடை சொன்ன அந்த 75-க்கு 1 என்ற கணக்கு அறுவை அரங்கில் என்ன செய்கிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் கையேட்டின் உண்மையான பயன் அங்கேதான்.

எழுபத்தைந்து முறை "கொழுப்புக் கட்டிதான்" என்று எடுத்தது சரியாக இருந்திருக்கும். எழுபத்தாறாவதையும் அதே கையோடு, ஸ்கேன் இல்லாமல், மயக்க ஊசி போட்டுக் குறுக்கே கீறி, உறையோடு உரித்து எடுத்துவிடுவார்கள். சார்கோமாவைச் சுற்றித் தெரியும் அந்த உறை உண்மையான உறை அல்ல. அழுந்திய திசுவும் கட்டிச் செல்களும் கலந்த ஓரம். உரிக்கும்போது செல்கள் அங்கேயே தங்கிவிடும். இப்படித் திட்டமிடாமல் எடுத்தவர்களுக்கு மறுபடி அறுவை செய்யும்போது ஏறத்தாழ பாதிப் பேரிடம் மிச்சக் கட்டி கிடைக்கிறது. குறுக்குக் கீறல், தள்ளிவைத்த வடிகுழாய்த் துளை, நின்றுபோன ரத்தக்கட்டு என ஒவ்வொன்றும் மறு அறுவையில் வெட்ட வேண்டிய பரப்பைக் கூட்டும். முதலில் ஒரு தையலோடு முடிந்திருக்க வேண்டியது தோல் ஒட்டு, தசை மாற்று என்று போய்விடும்.

செய்ய வேண்டிய வரிசை எளிது. மேலோட்டமான சிறு கட்டிக்கு முதலில் அல்ட்ராசவுண்டு. தெளிவான லிப்போமா என்றால் அங்கேயே நிறுத்தலாம். 5 செ.மீ.க்கு மேல், அல்லது தசையுறைக்கு அடியில், அல்லது வளர்ந்துகொண்டே இருக்கிறது, அல்லது எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தது என்றால் எம்.ஆர்.ஐ. பயாப்ஸிக்கு முன்பே எம்.ஆர்.ஐ., பின்னால் எடுத்தால் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். அதன்பின் 14 அல்லது 16 கேஜ் ஊசியால் கோர் பயாப்ஸி, நான்கிலிருந்து ஆறு துண்டு, படத்தில் உயிருள்ளதாகத் தெரியும் பகுதியிலிருந்து. நடுவிலுள்ள அழுகிய பகுதியைக் குத்தினால் அறிக்கை "கண்டறிய இயலவில்லை" என்றுதான் வரும். ஊசித் தடம் பின்னால் போடப்போகும் நெடுக்குக் கீறலின் கோட்டிலேயே இருக்க வேண்டும், தடத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதற்காக. மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்என்ஏசி போதாது, உட்பிரிவும் தரமும் அதில் தெரியாது. சார்கோமா உறுதியானால் மார்புக்கு சிடி, கண்டறியும்போதே பத்தில் ஒருவருக்குப் பரவியிருக்கும், பெரும்பாலும் நுரையீரலில்.

#11 மழலை வார்டு

5 செ.மீ. விதியில் எனக்கு ஒரு மறுப்பு, கத்தியாரே. கையேட்டில் அது தனியாக அச்சானால் ஆபத்து. இளம் வயதினரின் கை, பாதத்தில் வரும் சினோவியல் சார்கோமா 2, 3 செ.மீ.யிலேயே நிற்கும். ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும், சிலருக்கு வலிக்கவும் செய்யும். "சின்னது, பழையது, அதனால் ஒன்றுமில்லை" என்று இரண்டு காரணத்தாலும் ஏமாற்றும் கட்டி அது.

#12 கத்தியும் நூலும்

ஒப்புக்கொள்கிறேன். 5 செ.மீ. என்பது கூட்டத்தைச் சலிக்கும் சல்லடை. சாதாக் கட்டிகளில் 95 விழுக்காடு அதற்குக் கீழே, 99 விழுக்காடு தசையுறைக்கு மேலே. அதனால் ஆழத்தில் இருப்பது அளவைவிட வலுவான எச்சரிக்கை. ஆனால் சார்கோமாவில் மூன்றில் ஒரு பங்கு தோலுக்கு அடியிலேயே மேலோட்டமாக இருக்கும், அவற்றின் நடு அளவே 5 செ.மீ.தான். ஆகவே கை, பாதத்துக்கு அளவு வரம்பே வைக்காதீர்கள். வலி இல்லை என்பதையும் ஆறுதலாக எழுதாதீர்கள், பெரும்பாலான சார்கோமா வலிக்காது.

#13 கேள்விக்குறி

இப்படி எழுதினால் சரியா?

"மென்திசு சார்கோமா ஆண்டுக்கு லட்சம் பேரில் 3 முதல் 5 பேருக்கு வருகிறது, எந்தக் கட்டிகளைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். வாழ்நாள் முழுவதும் பார்த்தால் சுமார் 300 பேரில் ஒருவர். எந்த வயதிலும் வரலாம், முதுமையில் அதிகம். தோலுக்கு அடியில் தட்டுப்படும் கட்டிகளில் நூற்றில் ஒன்றே சார்கோமா. 5 செ.மீ.க்கு மேல், ஆழத்தில், வளர்ந்துகொண்டு, அல்லது எடுத்தபின் திரும்பிய கட்டியை ஸ்கேன் இல்லாமல் அகற்ற வேண்டாம். கை, பாதத்தில் சிறியதானாலும் ஸ்கேன் தேவை."

#14 பதிவேட்டு மேசை

நன்று. "கபோசி சார்கோமாவும் எலும்புச் சார்கோமாவும் சேராமல்" என்று முதல் வரியில் சேருங்கள். ஜிஸ்டைச் சேர்த்தால் 5-ஐத் தாண்டும் என்பதும் அதே வரியில் வரட்டும்.

#15 ஸ்லைடு பெட்டி

"நூற்றில் ஒன்றே" என்பதை "நூற்றில் ஏறத்தாழ ஒன்று" ஆக்குங்கள். அந்த விகிதம் எல்லாக் கட்டிகளையும் சேர்த்துச் சொன்னது. தொடையின் ஆழத்தில் 8 செ.மீ. கட்டியோடு உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அவருடைய விகிதம் அது அல்ல. ஸ்கேன் வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இடம் போதாவிட்டால் வாழ்நாள் கணக்கை எடுத்துவிட்டாவது அதை வையுங்கள்.